கவலையும் விசுவாசமும்: எங்கள் வேதபாட வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

களியக்காவிளைக்கு அருகிலுள்ள எங்கள் சபையில், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வேதபாட வகுப்பைப் பல ஆண்டுகளாக நான் நடத்தி வருகிறேன். தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமிருந்தும், கேரளத்துப் பாறசாலைப் பக்கமிருந்தும் பெண்கள் வருவார்கள். பாடம் எதுவாக இருந்தாலும் வகுப்பு முடிந்தபின் தனியாக நின்று கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் கவலையைப் பற்றியவையாகவே இருந்தன. ஒரே பதிலைப் பலமுறை சொல்லிய பிறகு, எழுதி வைத்தால் வர முடியாதவர்களுக்கும் உதவுமே என்று தோன்றியது. கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்களுடைய வாயில் வந்தபடியே தந்திருக்கிறேன். வசனங்கள் நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை.

கவலைப்படாதே என்று வேதத்தில் இருக்கிறதே, கவலை என்றால் சரியாக என்ன?

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. எல்லையைத் தாண்டிப் பஸ்ஸில் போகும்போது, பாதைகள் பிரிகிற முக்கை மலையாளத்தில் 'கவல' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பழந்தமிழிலும் 'கவலை' என்ற சொல்லுக்குக் கிளைத்துப் பிரியும் வழி என்ற பொருள் உண்டு. மனம் ஒரு முக்கில் நின்றுகொண்டு, எந்த வழியிலும் போகாமல், எல்லா வழிகளிலும் வரக்கூடிய ஆபத்துகளை ஒவ்வொன்றாக நடந்து பார்த்துத் திரும்பி வருகிறதே, அந்த நிலையைத்தான் நான் கவலை என்று புரிந்துகொள்ளுகிறேன். "மார்த்தாளே, மார்த்தாளே, நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்று இயேசு சொன்னபோது (லூக்கா 10:41), அதில் 'அநேக' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. பிலிப்பியர் 4:6-இல் நாம் "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று வாசிக்கிற இடத்தில், மலையாள வேதாகமம் 'விசாரப்படருது' என்கிறது. நாமும் வீட்டில் 'விசாரம்' என்றுதானே சொல்லுகிறோம்? ஆனால் தமிழில் 1 பேதுரு 5:7 இப்படி இருக்கிறது: "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." நாம் படக்கூடாத விசாரமும் தேவன் செய்கிற விசாரிப்பும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். நாளைய தினத்தை விசாரிப்பது அவருடைய வேலை. அந்த வேலையை அவரிடமிருந்து வாங்கி நம் தலையில் ஏற்றிக்கொள்ளும்போது அது விசாரமாகிறது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றையே வெவ்வேறு வீடுகளுக்குப் பொருத்திப் பார்ப்பவை.

மனுஷராய்ப் பிறந்தால் மனம் பதறாமல் இருக்குமா? பதறினாலே பாவமா?

பதறுவது பாவம் அல்ல. கெத்செமனேயில் நம் ஆண்டவரே "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சீஷர்களிடம் வாய்விட்டுச் சொன்னார் (மத்தேயு 26:38). "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று எழுதிய அதே பவுல், எல்லாச் சபைகளையும் பற்றிய கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று 2 கொரிந்தியர் 11:28-இல் ஒப்புக்கொள்ளுகிறார். அவர் சிறையிலிருந்து எழுதிய நிருபம்தான் பிலிப்பியர். வசதியாக உட்கார்ந்துகொண்டு பிறருக்குப் புத்தி சொன்னவர் அல்லர்.

கவலை வாசலில் வந்து நிற்பது நம் கையில் இல்லை. அதற்குப் பாய் விரித்து, சாப்பாடு போட்டு, வீட்டு ஆளாக வைத்துக்கொள்ளுவதைத்தான் வேதம் தடுக்கிறது. விதைக்கிறவன் உவமையில் முள்ளைப் பற்றிச் சொல்லும்போது, அது விதையோடு கூட வளர்ந்து நெருக்கிப் போட்டது என்றுதான் இருக்கிறது (லூக்கா 8:7). முளைத்த முள்ளை வளர விட்டதுதான் அங்கே கேடாக முடிந்தது.

ஆகாயத்துப் பறவைகளைப் பார் என்றால் நாங்கள் வேலைக்குப் போக வேண்டாமா? சிட்டி (சீட்டு) பிடிப்பதும் இன்சூரன்ஸ் போடுவதும் அவிசுவாசமா?

பறவைகள் விதைப்பதுமில்லை, அறுப்பதுமில்லை என்று மத்தேயு 6:26 சொல்லுகிறது. அவை கூட்டிலேயே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் என்று சொல்லவில்லை. விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு, தங்களுக்கு முன்பே எழுந்துவிட்ட பறவைகளைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. யோசேப்பு ஏழு வருஷ விளைச்சலைச் சேர்த்து வைத்து எகிப்தைக் காப்பாற்றினான். எறும்பினிடத்தில் போய்க் கற்றுக்கொள் என்று நீதிமொழிகள் கூறுகிறது. ஆகவே சிட்டியும் இன்சூரன்ஸும் பாவம் அல்ல.

முன்யோசனைக்கும் கவலைக்கும் உள்ள வேறுபாட்டை ரப்பர் தோட்டமே கற்பிக்கும். மரம் நட்டு ஏறக்குறைய ஏழு வருடம் காத்திருந்துதான் பால் வெட்டத் தொடங்குகிறோம். முன்யோசனை இல்லாதவன் ரப்பர் நடவே மாட்டான். மழைக்காலம் வருமுன் வெட்டுப் பட்டைக்கு மேலே பிளாஸ்டிக் கட்டுவது முன்யோசனை. கட்டி முடித்த பிறகு, இரவெல்லாம் ஓட்டின்மேல் விழும் மழைச்சத்தத்தை எண்ணிக்கொண்டு படுத்திருப்பது கவலை. முதலாவதற்கு ஒரு முடிவு உண்டு, அதைச் செய்து முடித்துவிட்டு வீட்டுக்கு வரலாம். இரண்டாவதற்கு முடிவே கிடையாது, அதனால் ஒரு மரத்துக்கும் பயனும் இல்லை.

முன்யோசனை நல்லது என்றாலும் அதன்மேல் சாய முடியாது என்பதையும் நாம் அனுபவித்திருக்கிறோம். 2011-இல் கிலோ 200 ரூபாய்க்கு மேல் போன ரப்பர் ஷீட், 2016 தொடக்கத்தில் அதில் பாதிக்கும் கீழே வந்தது. அந்த விலையை நம்பி மகளுக்குக் கல்யாணம் பேசியவர்களும், மாடி எடுத்தவர்களும் நம் சபைகளில் இருந்தார்கள். அவர்கள் திட்டமிட்டதில் தவறில்லை. திட்டம் உடைந்தபோது தாங்குவதற்கு வேறொன்று இருந்ததா என்பதுதான் அப்போது வெளிப்பட்டது.

முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். ஆனால் அறை வாசலைத் தாண்டுமுன் அதே கவலை திரும்ப வந்துவிடுகிறதே?

இந்தக் கேள்வியைத்தான் நான் மிக அதிகமாகக் கேட்டிருக்கிறேன். எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. முதலில், நாம் எப்படி ஜெபிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். "ஆண்டவரே, எங்கள் குடும்பத்தை ஆசீர்வதியும், எல்லாக் கஷ்டங்களையும் மாற்றும்" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்தால், மனத்தை அரித்துக்கொண்டிருந்த குறிப்பிட்ட காரியம் சொல்லப்படாமல் உள்ளேயே கிடக்கிறது. "உங்கள் விண்ணப்பங்களை" தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று பவுல் எழுதுகிறார். விண்ணப்பத்தில் பெயர் இருக்கும், தேதி இருக்கும், தொகை இருக்கும்.

எசேக்கியா ராஜா செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அசீரியாவின் ராஜாவிடமிருந்து மிரட்டல் கடிதம் வந்தபோது, அவர் அதை ஆலயத்துக்கு எடுத்துக்கொண்டு போய், கர்த்தருக்கு முன்பாக விரித்துவைத்தார் (2 இராஜாக்கள் 19:14). அதை வாசித்த பிறகு, வங்கியிலிருந்து வந்த நோட்டீசையோ, ஸ்கேன் ரிப்போர்ட்டையோ வேதப்புத்தகத்தின் பக்கத்தில் உண்மையாகவே விரித்துவைத்து ஜெபிக்கும்படி சிலரிடம் சொல்லியிருக்கிறேன். தேவன் வாசிப்பதற்கு அது தேவையில்லை. நாம் எதை ஒப்படைக்கிறோம் என்று நமக்குத் தெரிவதற்கு அது தேவைப்படுகிறது.

அதற்குப் பிறகும் கவலை திரும்ப வரலாம். அதை ஜெபம் தோற்றுவிட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழகிய பாதையில் மாடு தானாகத் திரும்புவதுபோல, மனமும் பழக்கத்தால் திரும்புகிறது. அப்போது முழு ஜெபத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். "இதை இன்று காலையில் உம்மிடம் தந்துவிட்டேன்" என்று ஒரு வாக்கியம் போதும். பிறகு கைக்கு அடுத்த வேலையைச் செய்யுங்கள். நாளுக்கு முப்பது முறை அப்படிச் சொல்ல நேர்ந்தாலும் வெட்கப்படாதீர்கள். சீலோவில் பிள்ளைக்காக அழுது ஜெபித்த அன்னாள், எழுந்துபோய் முதலில் செய்தது சாப்பிட்டது. "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று 1 சாமுவேல் 1:18 சொல்லுகிறது. அந்த நேரத்தில் அவளுக்குப் பிள்ளை இன்னும் உண்டாகியிருக்கவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு தூக்கமே இல்லை. அப்போது என்ன செய்வது?

செல்போனை எடுக்காதீர்கள். இதை ஆவிக்குரிய ஆலோசனையாகவே சொல்லுகிறேன். அந்த நேரத்தில் வாட்ஸ்ஆப்பில் வந்து கிடக்கும் செய்திகளில் ஒன்றுகூட உங்களைத் தூங்க வைக்காது, 'இன்றைய வாக்குத்தத்தம்' உட்பட.

சிறுவயதில் மனப்பாடம் செய்த ஒரு சங்கீதத்தை மெல்லச் சொல்லுங்கள். 4-ஆம் சங்கீதம் அதற்கு ஏற்றது: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்." நாளைக்குச் செய்ய வேண்டிய காரியம் ஏதாவது நினைவுக்கு வந்தால் ஒரு தாளில் எழுதிவிட்டுப் படுங்கள், அதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம். மறுநாள் கொல்லப்படுவதற்காக வைக்கப்பட்டிருந்த பேதுரு, இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு, இரண்டு சேவகருக்கு நடுவே தூங்கினான். தூதன் விலாவில் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது (அப்போஸ்தலர் 12). "கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்று பிற்பாடு எழுதியது அவன்தான்.

மகள் வெளிநாட்டில் நர்ஸாக இருக்கிறாள். நான் கவலைப்படாமல் இருந்தால் பாசமில்லாத தாய் என்று ஆகாதா?

இந்தப் பக்கத்தில் வளைகுடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ பிள்ளையை அனுப்பாத தெரு அரிது. ஆகையால் இந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது. பிலிப்பியர் 2:20-இல் தீமோத்தேயுவைப் பற்றி, உங்கள் காரியங்களை உண்மையாய் விசாரிக்கிறதற்கு அவனைப்போல வேறொருவனும் இல்லை என்று பவுல் பாராட்டுகிறார். அங்கே மூல கிரேக்கத்தில் இருப்பது, 4:6-இல் "கவலைப்படாமல்" என்று வருகிற அதே வினைச்சொல். ஆக, பிறர்மேல் கொள்ளும் அக்கறையை வேதம் கண்டிக்கவில்லை. அன்பு எதையும் செய்ய முடியாத இடத்திலும் நின்றுகொண்டு தன்னையே தின்னுவதைத்தான் விடச் சொல்லுகிறது.

மோசேயின் தாயைப் பாருங்கள். அவள் நாணற்பெட்டிக்குப் பிசினும் கீலும் பூசினாள். ஒரு துளி தண்ணீர்கூட உள்ளே வராதபடி அதைத் தன் கையால் செய்திருப்பாள். பிறகு அதை நாணலுக்குள்ளே வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். பிள்ளையின் தமக்கை தூரத்திலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிசின் பூசுவதும் தூரத்திலிருந்து பார்ப்பதும் பாசம்தான். கையை எடுப்பதும் பாசம்தான். மகள் இரவு டியூட்டி முடிந்து தூங்கும் நேரத்தில் நான்கு முறை கூப்பிட்டு "சாப்பிட்டாயா" என்று கேட்பது யாருடைய மன நிம்மதிக்காக என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ளலாம். நானும் கூப்பிட்டவள்தான்.

குழு லோன், நகைக்கடன், தவணை எல்லாம் நெருக்குகிறது. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடலாமா?

இருந்துவிட முடியாது. கடன்காரன் தன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்க வந்திருக்கிறான் என்று ஒரு விதவை எலிசாவிடம் அழுதபோது (2 இராஜாக்கள் 4), "உன் வீட்டில் என்ன இருக்கிறது" என்று அவர் கேட்டார். அண்டைவீட்டாரிடம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொன்னார். எண்ணெய் பெருகிய பிறகு அதை விற்றுக் கடனைத் தீர்க்கச் சொன்னார். அந்த அற்புதத்தின் நடுவில் கணக்கு இருக்கிறது, அயலாரிடம் போய் நிற்கும் வெட்கம் இருக்கிறது, விற்பனையும் இருக்கிறது.

ஆகவே முதலில் எல்லாக் கடன்களையும், வட்டி விகிதத்தோடு, ஒரே தாளில் எழுதுங்கள். கணவருக்குத் தெரியாமல் வாங்கியது இருந்தால் அதையும் எழுதி அவரிடம் காட்டுங்கள். மறைத்த கடன் தரும் கவலைக்கு ஜெபத்தில்கூட இடம் கிடைப்பதில்லை என்பதை நான் கண்டிருக்கிறேன். தவணை தவறும் முன்னே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். தவறிய பின் போவதைவிட அப்போது வழிகள் அதிகம். ஒரு கடனை அடைக்க அதைவிட அதிக வட்டிக்கு இன்னொன்று வாங்காதீர்கள். கல்யாணச் சாப்பாட்டுக்கு ஊரே மெச்ச வேண்டும் என்று வாங்கிய கடனுக்காக மத்தேயு 6-ஐ வாசித்துக்கொண்டு அழுவதில் ஏதோ பொருந்தவில்லை என்பதையும் நம் சபைகளில் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

வேதத்தில் 'பயப்படாதே' என்று 365 முறை வருகிறதாமே, நாளுக்கு ஒன்றாக?

பிரசங்கங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆனால் எண்ணிப் பார்த்தால் அதில் பாதிகூட வருவதில்லை. பயப்படாதே என்று தேவன் ஒரே ஒருமுறை சொல்லியிருந்தாலும் அது மெய்தான். அதற்குத் துணையாகத் தவறான கணக்கு வேண்டாம்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். சாப்பிட்டால் விசுவாசக் குறைவு என்று ஜெபக்கூட்டத்தில் சொல்லுகிறார்களே?

அப்படிச் சொல்லுகிறவர்கள் 1 இராஜாக்கள் 19-ஐ மறுபடி வாசிக்க வேண்டும். "போதும் கர்த்தாவே" என்று சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ்ப் படுத்த எலியாவைத் தேவன் திட்டவில்லை, அவனுக்குப் பிரசங்கமும் பண்ணவில்லை. தூங்க விட்டார், தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தந்தான், மறுபடியும் தூங்க விட்டார். பேச்செல்லாம் பிறகுதான். சரீரம் களைத்திருக்கும்போது ஆத்துமாவிடம் மட்டும் பேசிப் பயனில்லை என்பதை நம்மைப் படைத்தவர் அறிந்திருக்கிறார்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சபைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வியப்பு. நெய்யூரில் மிஷனரி மருத்துவப் பணி 1838-இல் தொடங்கியது. எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற டாக்டர் சாமர்வெல் பின்னர் அங்கே அறுவை மருத்துவராகப் பல ஆண்டுகள் உழைத்தார். சுவிசேஷத்தையும் மருந்தையும் ஒரே கையால் பெற்ற நாம், மூளைக்கு மட்டும் மருந்து கூடாது என்பது எந்த நியாயம்?

மேலே சொன்ன பதில்கள் அன்றாடக் கவலைக்கானவை. ஆனால் ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில் அடக்க முடியாத கவலை இருந்து, தூக்கமின்மை, தசை இறுக்கம், எரிச்சல், சோர்வு போன்றவை அன்றாட வேலையையே கெடுத்தால், அது மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கும் ஒரு நோயாக இருக்கலாம். அவ்வளவு காலம் காத்திருக்காமல் முன்பே போய்க் காட்டுவது நல்லது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். ஜெபித்தோ, வாதிட்டோ அதைக் கண்டுபிடிக்க முடியாது, இரத்தப் பரிசோதனை வேண்டும். மனநல மாத்திரைகள் பலவும் பலன் காட்டச் சில வாரங்கள் எடுக்கும். சுகமாகிவிட்டது என்றோ, யாரோ சொன்னார்கள் என்றோ மருத்துவரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் வந்தால், அந்த நாளிலேயே ஒருவரிடம் சொல்லுங்கள். அரசின் 'டெலி மானஸ்' உதவி எண்ணாகிய 14416-ஐ இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

ஓகிப் புயலில் போனவர்களும் ஜெபித்துவிட்டுத்தானே கடலுக்குப் போனார்கள்? பிறகு எதை நம்பிக் கவலைப்படாமல் இருப்பது?

2017 நவம்பர் 30-ஐ இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர், நீரோடி எல்லாம் கோவிலைச் சுற்றி வாழும் ஊர்கள். ஜெபமாலை சொல்லாத வீடு அங்கே இல்லை. ஆழ்கடலுக்குப் போன பலர் திரும்பவேயில்லை. சில குடும்பங்களுக்கு அடக்கம் செய்ய உடல்கூடக் கிடைக்கவில்லை. இந்தக் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. இருப்பதாகச் சொல்லுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கெட்டது நடக்காது என்று இயேசு வாக்குக் கொடுக்கவில்லை. "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று சொன்னபோதே, ஒவ்வொரு நாளுக்கும் பாடு உண்டு என்று சொல்லிவிட்டார். அடைக்கலான் குருவி தரையில் விழாது என்றும் அவர் சொல்லவில்லை. பிதாவின் சித்தமில்லாமல் விழாது என்றுதான் மத்தேயு 10:29-இல் இருக்கிறது, அது நமக்குக் கடினமான வசனம். அக்கினிச்சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபர்கள், எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொன்னதோடு நிறுத்தாமல், "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சேர்த்தார்கள் (தானியேல் 3:18). இந்த நிகழ்ச்சி நடக்காது என்று நம்புவது ஒன்று. எது நடந்தாலும் அவர் என்னைக் கைவிடமாட்டார் என்று நம்புவது வேறொன்று. முதலாவது ஒரு புயலில் உடைந்துபோகலாம். இரண்டாவதும் சில நாள் தள்ளாடும், அதற்காகத்தான் 13-ஆம் சங்கீதமும் 88-ஆம் சங்கீதமும் வேதத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது; அதை யாரும் திருத்தி எழுதவில்லை.

எனக்கு அந்த இரண்டாவது விசுவாசமும் இல்லை. அப்படிப்பட்டவள் கவலையை அவர்மேல் வைக்கலாமா?

வைக்கலாம். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடே சொன்ன தகப்பனுடைய பிள்ளையை இயேசு குணமாக்கினார் (மாற்கு 9:24). அவனிடம் அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

கவலையில் இருக்கிறவர் வீட்டுக்குப் போனால் என்ன சொல்லுவது? எனக்கு வசனமும் அவ்வளவு தெரியாது.

வசனம் தெரியாதது அந்த நேரத்தில் நன்மையாகவும் இருக்கலாம். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுவது குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைவது போன்றது என்று நீதிமொழிகள் 25:20 சொல்லுகிறது. யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து வாய்திறக்காமல் இருந்தவரைக்கும் சரியாகத்தான் செய்தார்கள்.

ஆகவே, "கவலைப்படாதீங்க அக்கா, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள்; சரியாகுமா என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு வேளைக்குச் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு போங்கள். திருவனந்தபுரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களாக இருந்தால், மலையாளத்தில் எழுதிய படிவத்தை நிரப்பக் கூடப் போகலாமா என்று கேளுங்கள். அவர்கள் பேசினால் கேட்டுக்கொண்டிருங்கள். கிளம்பும்போது, அனுமதி கேட்டு, அவர்கள் சொன்ன காரியத்தின் பெயரைச் சொல்லி இரண்டு வரியில் ஜெபியுங்கள். சோற்றுப் பாத்திரத்தைத் திருப்பி வாங்க மூன்று நாள் கழித்து மறுபடியும் போங்கள்.